கடைக்குள் ஒரு சிவப்பு, றோட்டில் ஒரு சிவப்பு

என் ஆசைத் தங்கச்சி சாந்தி,

நீ போய் ஒன்றரை வருடமாகியும் உன் மேல் எனக்குள்ள கோபம் தீரவில்லை. கோபம் என்று சொல்வது சும்மா. பொறாமைதான். செத்துப்போன தங்கச்சி மேல் பொறாமைப்படுகிற அக்காவை யாராவது கண்டிருக்கிறார்களா?

உன் மகள் மதுராவுக்கு அடுத்த மாதம் கலியாணப் பதிவு எழுத்து. மாப்பிள்ளை விசுவமடுப் பெடியன், நல்ல பிள்ளை. உன்னுடைய அரக்குச் சிவப்புச் சேலையைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். உன் பிளவுஸ் அவளுக்கு அளவாக இல்லை. பொருத்தமான துணி எடுக்கச் சேலையையும் கொண்டு கிளிநொச்சிக் கடைக்குப் போனோம்.

கடைக்காரப் பிள்ளை நாலைந்து துணிகளை விரித்தாள். நான் ஒன்றைத் தொட்டு, இதுதான் என்றேன். சேலையும் துணியும் ஒரே நிறம், சத்தியமாக.

"வெளியிலை கொண்டுபோய் ஒருக்காப் பாருங்கோ ரீச்சர். சாந்தி அக்கா எப்பவும் வெயிலுக்கை பிடிச்சுப் பாத்துத்தான் எடுப்பா" என்றாள்.

உன் பெயரைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நீ தையல்காரி. நூலுக்கு நிறம் பார்க்க ஊரே உன்னிடம்தான் வரும். இருபது வருடமாக ஒளிப் பாடம் படிப்பிக்கிற என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை.

"எனக்கு நிறம் தெரியாதோ? வெட்டுங்கோ பிள்ளை" என்றேன்.

வெட்டினாள். றோட்டுக்கு வந்து மதுரா இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். சேலை இன்னும் சிவந்து அரக்காக நின்றது. துணி அதன் பக்கத்தில் வெறும் மண்ணிறம்.

காரணம் எனக்குத் தெரியும், அதுதான் வெட்கம். சூரிய வெளிச்சத்தில் ஊதாவின் குட்டை அலையிலிருந்து சிவப்பின் நீள அலை வரை எல்லாம் உண்டு. உன் சேலை மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டுச் சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. கடை லைற்றில் அந்த நீள அலைகள் குறைவு. வராத அலையைச் சேலை எப்படித் திருப்பித் தரும்? சாயம் வேறான இரண்டு துணிகள் அந்த வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளைகள் போலத்தான் இருக்கும். இதைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன். அலைநீளம் என்ற சொல்லே தெரியாத நீ ஒரு நாளும் பிழைவிட்டதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதென்று சும்மாவா சொன்னார்கள்.

"பரவாயில்லை பெரியம்மா" என்றாள் மதுரா. "இதை ஆர் பாக்கப் போயினம்?"

அதுதான் எனக்கு எரிந்தது, சாந்தி. பிழைவிட்டது நீ என்றால் அவள் நடுறோட்டில் வைத்தே உன்னோடு சண்டை பிடித்திருப்பாள். ஒருமுறை சட்டைக் கை நீளமாகிவிட்டதென்று இரண்டு நாள் உன்னோடு கதைக்காமல் இருந்தவள் அவள். என் குசினியில் உப்புக் கூடினாலும் பரவாயில்லை, புளி கூடினாலும் பரவாயில்லை. விருந்துக்கு வந்தவள் போல என் வீட்டில் இருக்கிறாள். சண்டை அம்மாவோடு மட்டும்தான் பிடிக்கலாம் என்று நினைக்கிறாளோ?

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். நான் காணாததுபோல இருந்தேன்.

சனிக்கிழமை திரும்பவும் போகிறோம். துணியை நானே வெயிலுக்குக் கொண்டுவருவேன், நிறத்தை அவள் சொல்லட்டும். ஆனால் நான் உனக்குத் தருகிற வாக்கு அது இல்லை. இனி அவளைப் பரவாயில்லை என்று சொல்ல விடமாட்டேன். ஒரு நாள் உன்னோடு பிடித்ததுபோல என்னோடும் அவள் வாய் நிறையச் சண்டை பிடிப்பாள், அதுவரை நான் ஓயமாட்டேன். அன்றைக்கு என் பொறாமை தீர்ந்துவிடும் என்று நினைக்காதே. பாதிதான் தீரும்.

உன் மகளுக்குப் பெரியம்மாவாக மட்டும் இருக்க மனமில்லாத,
உன் அக்கா