சட்டைப் பையில் பிழைத்த பெட்டூனியா

அன்பு மகள் வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம், தொட்டிகளும் நலம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருந்தால் அதுவே போதும். என் இரண்டு கையும் மண், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (சொல்வதை மட்டும் எழுது என்று உத்தரவு. பார்க்கலாம்.)

போன வருஷம் நம் நாற்றுப் பாத்தியில் நீ கண்டுபிடித்தாயே, கத்தரிப்பூ நிறத்தில் பச்சை விளிம்பு வைத்த பெட்டூனியா, அந்த ஒற்றைச் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும், பதறாதே. நம் பண்ணையின் முதல் புது ரகம் என்று அப்பா அதைத் தொங்கும் தொட்டியில் வாசலில் மாட்டி, யாரும் தொடக் கூடாது என்று அட்டையும் கட்டியிருந்தார். இந்த வருஷமும் லீவு இல்லை, வர முடியாது என்று நீ போனில் சொன்ன அன்று அதன் அடியில் நின்றுதான் பேசினார். பரவாயில்லம்மா, வேலைதான் முக்கியம் என்று வாய் சொல்ல, கை செடியின் நுனிகளைக் கிள்ளிக்கொண்டே இருந்தது. செடி அடர்த்தியாக வர நுனி கிள்ளுவது நம் தொழில்தான், இவர் இலையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. (போனை வைத்தபோது செடியின் தலையும் அப்பா தலையும் ஒரே மொட்டை.) பிறகு பாவம் தீர மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றியதில் வேர் அழுகிப்போயிற்று. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

நல்ல வேளை, கிள்ளியதைக் கீழே போடாமல் சட்டைப் பையில் திணிப்பது அவர் பழக்கம். நீ போன் பண்ணிய அன்றே சட்டையைத் துவைக்க எடுத்தபோது வதங்கிய நுனிகளைப் பார்த்தேன், திட்டிக்கொண்டே மணல் தட்டில் ஊன்றினேன், நாலைந்து வேர் பிடித்தன. விதையில் வந்தால்தான் நிறம் மாறும், நுனியில் வந்தால் மாறாது என்று எத்தனை சொல்லியும் அவர் நம்பவில்லை. இன்று காலை முதல் பூ விரிந்தது, அதே பச்சை விளிம்பு. அப்பா போய்ப் புது அட்டையில் ரகத்தின் பெயரை எழுதினார், வாயாடி என்று. ஏன் என்றேன், எவ்வளவு கிள்ளினாலும் அடங்காது என்கிறார்.

ராத்திரி கண் விழிக்காதே, உன் ஜன்னல் தொட்டிக்குத் தண்ணீரை அளவாக ஊற்று. நூறு வயசு நல்லா இரு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே, இனி நீ பேசும்போது அப்பா கையில் உரிக்கப் பட்டாணி கொடுத்துவிடுவேன். (அம்மா மூட்டையாக வாங்கி வைத்திருக்கிறாள். இதை எழுதாதே என்றாள்.)

இப்படிக்கு,
கை கழுவ நேரமில்லாத
உன் அம்மா