மூன்றாவது குறிப்பும் பெரிய ஹெல்மெட்டும்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் ஊர் கிரிக்கெட் கிளப் ஆண்டு விழா விவாதப் போட்டியில் பேச ஒப்புக்கொண்டுவிட்டேன். ஒப்புக்கொண்டேன் என்பதுகூடச் சரியில்லை. மாப்பிள்ளை கேட்டபோது மறுப்பதற்கு நல்ல வார்த்தையாகத் தேடிக்கொண்டிருந்தேன். அது கிடைப்பதற்குள் அவர் என் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார். தலைப்பு: வேகப்பந்து வீச்சில் எந்தக் காலம் உயர்ந்தது?

பேச்சின் வரிசை:

1. பதினைந்து ஆண்டுகள் ஒரு டெஸ்ட் தொடரும் தோற்காத மேற்கிந்தியத் தீவுகள் (பழைய காலம்) ஒரு தட்டில். தொடர்ந்து பதினாறு டெஸ்டுகளை, அதுவும் இரண்டு முறை, வென்ற ஆஸ்திரேலியா (பின்னால் வந்த காலம்) மறு தட்டில்.
2. பழையவர்கள் தலைக்கு எழும்பும் பவுன்சரை ஓவருக்கு எத்தனை வேண்டுமானாலும் வீசலாம். பின்னால் வந்தவர்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு.
3. அன்று பலர் ஹெல்மெட் இல்லாமல் ஆடினார்கள். அவர்களைப் பாதி வீழ்த்தியது பயம். ஹெல்மெட் வந்தது, பயம் போயிற்று. ஆகவே பழைய விக்கெட்டுகளில் பயத்தின் எடையைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.
4. முடிவு: பின்னால் வந்தவர்களே உயர்ந்தவர்கள்.
5. நன்றி. (மறக்கக் கூடாது.)

பழைய காலத்துக்காகப் பேசப் போகிறவர் சம்பந்தி அம்மா, மாப்பிள்ளையின் தாயார். இளமையில் மாவட்டப் பெண்கள் அணிக்கு வேகப்பந்து வீசியவர். இப்போதும் கிளப்பில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். நான் எடை அளவுத் துறையில் கடைத் தராசுகளைச் சோதித்து ஓய்வு பெற்றவன். கிரிக்கெட் மட்டையைப் பள்ளி நாட்களில் மற்றவர்களுக்காகச் சுமந்து போனதுண்டு.

மார்ச் 5, வியாழன்

விழாவுக்குப் போகாமல் இருக்க ஒரு காரணம் யோசித்தேன். தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லலாமா? மனைவி கண்டுபிடித்துவிடுவாள்.

மகளின் திருமணத்தில் நான் நாலு வார்த்தை நன்றி சொல்ல வேண்டியிருந்தது. என்னைக் கூப்பிட்டபோது கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டு, கழுவின கையையே கழுவிக்கொண்டிருந்தேன். மகள் அதை இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை. அதுதான் உறுத்துகிறது. விழாவில் அவள் முதல் வரிசையில் உட்காரப் போகிறாளாம்.

மார்ச் 8, ஞாயிறு

சம்பந்தி அம்மா வந்திருந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஹெல்மெட் போட்டா பயம் போயிடும்னு எழுதி வச்சிருக்கீங்களாமே சம்பந்தி? யாரு சொன்னா உங்களுக்கு?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"தர்க்கப்படி பார்த்தா…" என்றேன்.

"தர்க்கத்துக்கு விலா எலும்பு இருக்கா?"

அவர் விடவில்லை. "ஒரு தராசையாவது சோதிக்காம நீங்க முத்திரை குத்தியிருக்கீங்களா?"

"இல்லைங்க."

"ஹெல்மெட் ஒரு தடவையாவது போட்டிருக்கீங்களா?"

"…இல்லைங்க."

"அப்ப சனிக்கிழமை காலைல கிளப் பயிற்சி நெட்டுக்கு வாங்க. மூணே பந்து."

"அவருக்கு பிரஷர் இருக்குங்க" என்றாள் மனைவி.

"எனக்கு முட்டி வலி இருக்கு. சரிக்குச் சரி."

மார்ச் 9, திங்கள்

மூன்றாவது குறிப்பை எடுத்துவிட்டால் என்ன? எடுத்தால் நான்காவது நிற்காது. பந்து வீச்சாளர்களின் சராசரிகளைப் பார்த்தால் இரண்டு காலமும் ஏறக்குறைய சமமாகத்தான் நிற்கின்றன. தராசு முள்ளை ஒரு பக்கம் சாய்ப்பது மூன்றாவது குறிப்பு மட்டும்தான்.

இல்லை, சோதித்தே ஆக வேண்டும். என் தொழிலுக்கு வேறு மரியாதை இல்லை.

மார்ச் 11, புதன்

பீரோ கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். மனைவி சொன்னது: "உங்க மூஞ்சியப் பார்த்தே தலை குனியறீங்களே, ஊரைப் பார்த்து எப்படிப் பேசுவீங்க?"

மார்ச் 14, சனி

இன்றே எழுதிவிட வேண்டும்.

கிளப்பில் இருந்த ஹெல்மெட் எனக்குப் பெரிது. தலையைத் திருப்பினால் தலை மட்டும் திரும்பியது, ஹெல்மெட் அங்கேயே நின்றது. பேடு கட்டிவிட்ட மாப்பிள்ளை, "மாமா, பந்தை மட்டும் பாருங்க, அம்மா முகத்தைப் பார்க்காதீங்க" என்றார். மனைவி நெட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு நின்றாள், ஏதோ ஆபரேஷனுக்கு என்னை அனுப்புகிற மாதிரி.

சம்பந்தி அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நாலைந்து அடிதான் ஓடி வந்தார். என் வயதில் அது போதும்.

முதல் பந்து: பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன். தொடையில் பட்டது.

"பார்த்தீங்களா சம்பந்தி?"

"கேட்டேங்க" என்றேன்.

நெட்டுக்கு வெளியே சிரிப்பு. என் மனைவிதான். பிரஷர் பற்றிக் கவலைப்பட்டவள்!

இரண்டாவது: கண் திறந்திருந்தது, கால் அசையவில்லை. பந்து ஸ்டம்பைத் தாண்டிப் போனது. தலைக்கு மேல் கெட்டியான ஓடும் முகத்துக்கு முன் கம்பிக் கூண்டும் இருக்கின்றன, ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? பயம் அதைக் கேட்கவில்லை.

மூன்றாவது: பந்து எழும்பி நெஞ்சுக்கு நேராக வந்தது. முட்டி அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. எப்படி என்று தெரியவில்லை, மட்டை அங்கே இருந்தது. பந்து அதன் நடுவில் பட்டுக் காலடியில் செத்து விழுந்தது.

சம்பந்தி அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். "இப்ப பயம் போச்சா?"

"இல்லைங்க. அப்படியே இருக்கு."

"எனக்கும் அப்படித்தான். எதிர்ல ஆடறவங்க நேரா திருப்பி அடிச்சா என்ன பண்றதுன்னு வீசின நாளெல்லாம் பயம். பந்து மட்டும் ஒழுங்கா விழும்."

ஆக, மூன்றாவது குறிப்பு? நாளை மாலைக்குள் முடிவு செய்ய வேண்டும்.

மார்ச் 16, திங்கள்

நேற்று விழா. தலைமை, கிளப் தலைவர். முன்னாள் அம்பயர், லேசில் அவுட் என்று விரல் தூக்க மாட்டார் என்பதால் எல்லோருக்கும் அவர் "நாட் அவுட்". ஆளுக்குப் பத்து நிமிடம் என்று அறிவித்தார்.

என்னைக் கூப்பிட்டார்கள். கை கழுவும் இடம் எங்கே என்று காலையிலேயே பார்த்து வைத்திருந்தேன் - உண்மையைச் சொன்னால் என்ன? எழுந்தபோது முட்டி ஆடியது. சனிக்கிழமை ஆடிய அதே ஆட்டம். இந்த முட்டியோடுதானே மூன்றாவது பந்தை ஆடினேன் என்று தோன்றியது. மைக் வரை போய்விட்டேன்.

முதல் குறிப்பு, இரண்டாவது குறிப்பு, தாளைப் பார்த்தே படித்தேன். மூன்றாவதில் தாளை மடித்துவிட்டேன்.

"இதை நேத்து சோதிச்சேங்க. தராசு தேறலை."

சிரித்தார்கள். நெட்டில் நடந்ததைச் சொன்னேன். கண்ணை மூடியதையும் சொன்னேன். பயத்தை ஒரு எடைக்கல் மாதிரி தூக்கித் தட்டில் வைக்கப் பார்த்தேன், ஆனால் அது இரண்டு தட்டிலும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, கழிக்க முடியாது என்றேன். அப்புறம் எங்கெங்கோ போய்விட்டேன் போலிருக்கிறது. நாட் அவுட் மெல்ல விரலைத் தூக்கினார். நேரம் முடிந்ததாம்! அரங்கமே எழுந்து கைதட்டியது, அவர் விரலுக்குத்தான்.

உட்கார்ந்ததும் முன் வரிசையிலிருந்து மகள் எட்டிச் சொன்னாள்: "அப்பா, நன்றி சொல்லவே இல்லையே."

ஐந்தாவது குறிப்பு!

யாரும் கூப்பிடவில்லை. நானே எழுந்து மறுபடி மைக்குக்குப் போனேன். வந்தவர்களுக்கு, சம்பந்தி அம்மாவுக்கு, மாப்பிள்ளைக்கு, மகள் திருமணத்துக்கு வந்திருந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் அவர்களுக்கும் நன்றி என்றேன். மகள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு மட்டும்தானா என்று பார்க்க எனக்குத் துணிவில்லை.

பழைய காலத்துக்காகப் பேசிய சம்பந்தி அம்மாவுக்கு முதல் பரிசு. நியாயமான தீர்ப்பு.

மார்ச் 22, ஞாயிறு

காலை நெட். சம்பந்தி அம்மா சின்ன ஹெல்மெட் ஒன்று தேடி வைத்திருந்தார். தலையோடு சேர்ந்து திரும்புகிறது. பயம் குறையவில்லை. இரண்டு பந்து விலாவில், ஒன்று மட்டையில்.

வந்ததும் மார்ச் 3-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பி மூன்றாவது குறிப்பைச் சிவப்பு மையில் அடித்தேன். அது தவறு. நான்காவதான முடிவை மறுபடி எடை போட வேண்டும்.