கதவுக்குப் பின்னால் ஒரு வாளி

அத்தை,

இன்று மாலை கரண்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தி தேடிச் சமையலறை இழுப்பறையைக் குடைந்தபோது அது கையில் தட்டுப்பட்டது. நம் குளியலறைக் கதவின் தாழ்ப்பாள். நான்கு திருகாணிகளையும் காகிதத்தில் மடித்து அதோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். எதையும் ஒழுங்காக எடுத்துவைப்பதில் உங்கள் மருமகளை மிஞ்ச ஆளில்லை.

போன வருடம் நீங்கள் குளியலறையில் வழுக்கி, முழங்கைச் சிராய்ப்போடு தப்பித்த மறுநாள் டாக்டர் ஒரு பட்டியல் சொன்னார். வழுக்காத ரப்பர் பாய், சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்கார்ந்து குளிக்க நாற்காலி, கதவுக்கு உள்தாழ் வேண்டாம். ஒரே வாரத்தில் அத்தனையும் முடித்தேன். தாழ்ப்பாளைக் கழற்ற வந்த தச்சர்தான் தயங்கினார்.

"மேடம், பாத்ரூமுக்குத் தாழ்ப்பா இல்லாம எப்டி? அஜ்ஜிய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"அவங்க நல்லதுக்குத்தான். நீங்க கழட்டுங்க."

அவர் அஜ்ஜி, பாட்டி என்று சொன்ன நீங்கள் கூடத்தில் பைபிளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தீர்கள்.

ஒரு தாழ்ப்பாள் உங்களுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாததா? மர்பி டவுன் லைன் வீட்டில் எட்டுக் குடும்பத்துக்கும் ஒரே குளியலறை, கதவுக்குப் பதில் ஒரு சாக்குப் படுதா. வெளியே செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் "ஆளிருக்கு, ஆளிருக்கு" என்று கத்திக்கொண்டே குளித்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வீர்கள். ரிச்சர்ட்ஸ் டவுனில் இந்த வாடகை வீட்டைப் பார்க்க வந்த அன்று நேரே குளியலறைக்குள் போய், தாழைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பார்த்தீர்கள். "இது போதும் லில்லி. மத்ததெல்லாம் எப்டி இருந்தா என்ன" என்றீர்கள்.

தாழ்ப்பாள் போன பிறகு, நீங்கள் குளிக்கப் போனால் தரையில் வாளி இழுபடும் சத்தம் கேட்கும். நாற்காலிக்குப் பக்கத்தில் நகர்த்துகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு என் தாளிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை, சத்தம் நின்ற கையோடு நீங்கள் விழுந்த சத்தமும் கேட்டது. ஓடிவந்து தள்ளினால் கதவு நாலு விரல்தான் திறந்தது. பின்னால் நிறைவாளி. அந்த வயதில், அந்த முழங்காலோடு, தினமும் அதை இழுத்துவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.

வலிக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. "உள்ள வராதம்மா, மேல துணியில்ல. மொதல்ல துண்டக் குடு" என்றீர்கள். இடுக்கு வழியே துண்டை நீட்டிவிட்டு, நீங்கள் போர்த்திக்கொள்ளும்வரை வெளியே நின்றேன். அந்த ஒரு மரியாதையைத்தான் என்னால் செய்ய முடிந்தது. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவேயில்லை.

"நீ டாக்டர் சொன்னதத்தானே செஞ்ச" என்கிறார் உங்கள் மகன். கல்லறைத் தோட்டத்திலும் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரித் தாழ் கடையில் கிடைக்கிறதாம், அத்தை. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தேடியிருப்பேன். கேட்கத் தோன்றவில்லை. இதற்குச் சமாதானம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை, இனிக் கிடைக்கும் என்றும் தோன்றவில்லை.

தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டவும் மனம் வரவில்லை. உங்கள் மகன் வைட்ஃபீல்டுக்கு வேலைக்குக் கிளம்பிய பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். குளியலறைக் கதவைச் சும்மா சாத்திவிட்டு, முதல் சொம்புத் தண்ணீரை ஊற்றுவதற்கு முன் என் வாய் தானாகச் சொல்கிறது:

"ஆளிருக்கு."

வெளியே எந்தச் செருப்புச் சத்தமும் இல்லை.