பெரட்டில் வாசிக்கப்படாத பெயர்கள்

அனுப்புநர்:
திருமதி அ. பூரணி,
மே/பா முனீரா புடைவைக் கடை,
பிரதான வீதி, நோர்வூட்.

பெறுநர்:
மாவட்ட செயலாளர் அவர்கள்,
மாவட்ட செயலகம், நுவரெலியா.

விடயம்: மரக்கறிப் பயிர்செய்வோருக்கான கொரோனா நிவாரணம் பெற்றோரின் பெயர்களைப் பகிரங்கமாக வாசிக்கவும், அவற்றைக் கேட்ட என் கணவரைப் பாதுகாக்கவும் கோரல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் வெள்ளிமலைத் தோட்டம் கீழ்ப்பிரிவில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். என் கணவர் அழகுமுத்துவும் அங்கேயே வேலை செய்கிறார். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலுள்ள துண்டு நிலத்தில் லீக்ஸ் போடுகிறோம். ஊரடங்கில் லொறி வராமல் விளைச்சல் முழுவதும் மண்ணிலேயே அழுகிப் போனது. எங்களைப் போன்றோருக்கு அரசாங்கம் நிவாரணம் அனுப்பியதாக வானொலியில் கேட்டோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே, எங்கள் கதை அதுதான்.

2. எங்கள் தோட்டத்தில் எது வந்தாலும், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் சொல்லி வாசிப்பார்கள். கோயில் வரியும் அப்படித்தான், மரண உதவியும் அப்படித்தான். இந்த நிவாரணம் மட்டும் வாசிக்கப்படவில்லை. தோட்ட நிவாரணக் குழுத் தலைவர் செல்லசாமியிடம் அதை வாசிக்கும்படி என் கணவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

3. ஆகவே என் கணவர் அந்தப் பெயர்களைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தார். முகவரி கேட்ட இடத்தில் தோட்டத்தின் பெயரை எழுதினார். வேறு எதை எழுதுவார்? லயத்து வீடுகளுக்குத் தபால்காரர் வருவதில்லை. எல்லாக் கடிதமும் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்துதான் எங்கள் கைக்கு வரும்.

4. பதில் எங்கள் கைக்கு வருமுன் செல்லசாமி எங்கள் வாசலுக்கு வந்தார். "லெட்டர் வந்திருக்குங்க அழகுமுத்து. நெறைய பேரு இருக்காங்க அதுல, படிச்சே களைச்சிருவீங்க. ஒங்க மக நிஷாந்தி இப்பவும் அந்தக் குறுக்குப் பாதையிலதானே ஸ்கூலுக்குப் போறா?" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுநாள் கடிதம் வந்தது. உறை பிரிந்திருந்தது. பெயர்கள் இருந்த தாள் உள்ளே இல்லை.

5. அந்த வாரமே எங்கள் லீக்ஸ் பாத்தி முழுவதும் மஞ்சளாகிக் கருகியது. புல்லுக்கு அடிக்கும் மருந்தின் நாற்றம் லயம் வரை வந்தது. பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். மகளை நான் பள்ளிக்கு அனுப்புவதில்லை.

6. கடந்த திங்கட்கிழமை பெரட்டில் கணக்கப்பிள்ளை என் கணவரின் பெயரைத் தாண்டி அடுத்த பெயரை வாசித்தார். மறந்துவிட்டார் என்று நினைத்தோம். மறுநாளும் தாண்டினார், தலையை நிமிர்த்தவே இல்லை. ஐயா, எங்கள் பெரட்டில் செத்தவர் பெயரைத்தான் அப்படித் தாண்டுவார்கள். அன்றிலிருந்து எங்கள் லயத்தில் என் கணவரோடு யாரும் பேசுவதில்லை. என்னைப் பார்த்தால் துக்க வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

ஆகவே, தங்கள் அதிகாரி ஒருவர் நேரில் வந்து, நிவாரணம் பெற்ற அனைவரின் பெயர்களையும் பெரட்டுக் களத்தில் உரக்க வாசிக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பதிலை மேலுள்ள கடை முகவரிக்கே அனுப்புங்கள்; தோட்ட முகவரிக்கு வேண்டாம். எங்களுக்கு முன்பே அதை வேறொருவர் வாசித்துவிடுவார்.

அதிகாரி வரும் காலையில் என் கணவரின் பெயரையும் கூப்பிடச் சொல்லுங்கள். பதில் சொல்ல அவர் இன்னும் இருக்கிறார்.

இடம்: நோர்வூட்
திகதி: 18.03.2021

இப்படிக்கு,
அ. பூரணி
(கையொப்பம்)