நூறு எம்பி பிளானும் அம்மாவின் தலையாட்டலும்

பொடிசுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் இனி நம்புவேன், திரையில் தெரிவதை வைத்து நம்புவதை விட்டாயிற்று. இத்தனை வசதி இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தபாலில் எழுதுகிறான் என்று நினைப்பாய். மெசேஜில் எழுதினால் இரண்டு வரி படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். இதை அப்படிச் செய்ய முடியாது. உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி.

வீட்டுச் செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். மாடியில் இருக்கும் அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை, வாய்க்கு எப்போதும் போல ஒரு குறையும் இல்லை. நான் ஆஸ்பத்திரி லிஃப்டுகளோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், புதிதாக வந்திருக்கும் மேனேஜரிடம் லிஃப்ட் நடுவழியில் நிற்கிறது, கன்ட்ரோல் போர்டை மாற்ற வேண்டும் என்று சொன்னால், உள்ளே பெரிய கண்ணாடி மாட்டச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறார். நிற்கிற நேரத்தில் ஜனங்கள் தலை வாரிக்கொள்ளலாம் என்று நினைத்தாரோ என்னவோ. அம்மாவுக்குப் பள்ளிச் சீருடை தைக்கும் மும்முரம், முன்னறை முழுக்கத் துணி, நடக்க இடமில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அங்கே இருந்துகொண்டே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நம் வீட்டு இணைப்பை உன் பெயருக்கு மாற்றி நூறு எம்பி பிளான் போட்டாயே, அதைப் பற்றித்தான். அம்மா உன் முகத்தைத் தெளிவாகப் பார்க்கட்டும் என்று போட்டாய். நல்ல எண்ணம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் வீட்டுக்கு வருவது பழைய டெலிபோன் செம்புக் கம்பி. அந்தக் கம்பி கிளம்புகிற டெலிபோன் பெட்டி பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிறது, அங்கிருந்து சந்து சந்தாகச் சுற்றி வருவதற்குள் எத்தனை இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று போட்டவனுக்கே தெரியாது. புதுக் கேபிள் பெரிய ரோட்டோடு நின்றுவிட்டது, செல்போன் சிக்னல் நம் வீட்டுக்குள் வர வெட்கப்படும் என்பதும் உனக்குத் தெரியும். இந்தக் கம்பியில் பதினைந்து எம்பிக்கு மேல் வராது என்று நீ இங்கே இருக்கும்போதே சொன்னேன். அப்பா எல்லாவற்றுக்கும் ஒரு நொட்டை சொல்வார் என்றாய். பெற்ற அப்பன் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொன்னதைவிட, பிளான் விற்கிற யாரோ ஒருவர் போனில் தேன் தடவிச் சொன்னது உனக்குப் பெரிதாகிவிட்டது. அத்தை வேறு இறங்கி வந்து, பெத்த பொண்ணு ஆசையா வாங்கிக் குடுத்தா அதுக்கும் முறைக்கிறியே, நீயெல்லாம் என்ன அப்பன்டா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வராத வேகத்துக்குப் பணம் கட்டுவது உன் பாடு, அதற்காக நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நீ செய்ததில் இருந்ததும் போயிற்று, அதுதான் விஷயம். முன்பு அந்தக் கம்பியில் எட்டுதான் விட்டிருந்தார்கள், எட்டும் அசையாமல் வந்தது, முகம் பார்த்துப் பேச அதில் பாதி போதும். பெரிய பிளான் என்றதும் கம்பெனியில் உட்கார்ந்திருப்பவன் லைனை எவ்வளவு முடுக்க முடியுமோ அவ்வளவு முடுக்கிவிட்டான். ஒட்டுப் போட்ட கம்பி அதைத் தாங்குமா, மூச்சு வாங்குகிறது, விழுகிறது, எழுகிறது, மறுபடி விழுகிறது. மோடத்தில் பச்சை விளக்கு அணைந்து அணைந்து எரிவதை அம்மா பார்த்துவிட்டு, புதுசுல்ல, அதான் கண் சிமிட்டுது என்றாள். கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். எடுத்த பெண் உங்க ஏரியாவுல இந்த பிளான் அவைலபிள் சார் என்றாள். விக்கறது அவைலபிள்னு தெரியும்மா, வர்றது அவைலபிளா என்று கேட்டேன். நூறு வரைக்கும் வரும் சார் என்றாள். அப்படிப் பார்த்தால் என் சம்பளமும்தான் ஒரு கோடி வரைக்கும் வரும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. லைனை முன்பு இருந்த அளவுக்கே இறக்கிவிடு, அது போதும் என்றால், கனெக்‌ஷன் உங்க மகள் பேர்ல இருக்கு, அவங்கதான் பேசணும் என்று வைத்துவிட்டாள். என் வீட்டுச் சுவரில் என் கையால் ஆணியடித்து மாட்டிய மோடத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லையாம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் நீ ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டாய். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன், அதைத் தெரிந்துகொண்டுதான் கூப்பிட்டாயோ, எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் எனக்கு உன் மெசேஜ் வந்தது. வேலை நிரந்தரமாகிவிட்டது, இனி அங்கேயேதான் இருக்கப் போகிறாய், திரும்பி வருவதாக இல்லை, உன் அறையை நாங்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அதோடு, "அம்மாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன், அம்மா சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாங்க, நீங்கதான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்க" என்று ஒரு வரி.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அம்மா உன் அறையில் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஜன்னல் திரைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். சீருடைத் துணியெல்லாம் அப்படியே கிடக்கிறது. நான் அவள் முன்னால் போய் நின்று, பொடிசு என்ன சொன்னா என்று கேட்டேன். "நல்லா இருக்கா. கொஞ்சம் மெலிஞ்சிருக்கா. என்னமோ ஆசை ஆசையா சொன்னா" என்றாள். என்ன சொன்னாள் என்று மறுபடி கேட்டேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணும் புரியலைங்க. படம் நின்னு நின்னு வந்துச்சு. அவ்வளவு ஆசையா பேசிட்டிருக்கற பிள்ளையை நடுவுல நிறுத்தி, புரியலைன்னு எப்படிச் சொல்ல? ஊருக்கு வர்றதைப் பத்தித்தான் சொல்லியிருப்பா."

உன் அம்மாவுக்குக் காது கேட்காது என்பதை உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது பார். நீ பிறப்பதற்கு முன்பே போன காது. உதட்டைப் பார்த்துத்தான் உன்னை வளர்த்தாள். உதடு நடுவில் நின்றுவிட்டால் அவளுக்கு நீ ஊமை. வெளி ஆட்களிடம் புரியாதபோது அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள், அதற்குக் கடைக்காரத் தலையாட்டல் என்று பெயர் வைத்ததே நீதான். ஏழு வயதில் அதைச் செய்துகாட்டி இந்த வீட்டையே சிரிக்க வைத்தாய், அம்மாவும் சேர்ந்துதான் சிரித்தாள். அதற்காகத்தானே இந்த வீட்டில் ஒரு வழக்கம். முக்கியமான எதுவாக இருந்தாலும் அம்மா அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுவரைக்கும் சொன்னதாகக் கணக்கில்லை. சுற்றுலாவுக்குப் போக அனுமதி கேட்டபோது, சொல்லும்மா, திருப்பிச் சொல்லும்மா என்று அவள் மோவாயைப் பிடித்துக்கொண்டு நின்றாயே. அங்கே வேலைக்குக் கிளம்பியபோதும் திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினாய். "ரெண்டு வருஷம் முடிஞ்சதும் வந்துடுவே" என்று அவள் சொன்னாள், நீ ஆமாம் என்றாய், நான் பக்கத்தில்தான் நின்றேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஏன் கேட்கவில்லை? அவசரமா, வசதியா? அம்மாவுக்குப் படிக்கத் தெரியும். டைப் செய்து அனுப்பியிருக்கலாம். எனக்கு அனுப்பத் தெரிந்த உனக்கு அவளுக்கு அனுப்பத் தெரியவில்லை. படம் உன் பக்கமும் நின்று நின்றுதான் வந்திருக்கும், இல்லை என்று என்னிடம் சொல்லாதே, லைன் விழுந்தால் இரண்டு பக்கமும்தான் விழும்.

நீ அங்கேயே இருப்பதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. உனக்கு இருபத்திரண்டு வயதாகிறது, அந்த வயதில் எனக்கு நீயே பிறந்துவிட்டாய், இன்றைக்கும் நம் இரண்டு பேரையும் பார்த்து அண்ணன் தங்கையா என்று கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் யாரும் கேட்டுக்கொண்டு வாழவில்லை, நீயும் கேட்க வேண்டாம். ஆனால் அறுந்து அறுந்து வந்த படத்தைப் பார்த்து அவள் ஆட்டிய தலையைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதே. நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அது என் வேலை இல்லை. அத்தையிடமும் வாயைத் திறக்கவில்லை, அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். தினமும் அவள் அந்த அறையில் எதையாவது துடைக்கிறாள், நான் மோடத்தைப் பார்ப்பதுபோல் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். முதலில் கம்பெனிக்குப் போன் போட்டு, பழைய பிளானுக்கே மாற்று, லைனை எட்டுக்கு இறக்கச் சொல்லி இரண்டு தடவை சொல், ஒரு தடவை சொன்னால் நூறு வரைக்கும் என்று ஆரம்பிப்பார்கள். பச்சை விளக்கு அணையாமல் நின்றதும் நான் தெரிவிக்கிறேன். பிறகு பகல் வெளிச்சத்தில், ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்து, முகத்தில் மாஸ்க் கீஸ்க் இருந்தால் கழற்றிவிட்டு, அம்மாவைக் கூப்பிடு. நான் வீட்டில் இருக்க வேண்டும் என்றாலும் சரி, இருக்கக் கூடாது என்றாலும் சரி. மெதுவாகச் சொல். அவள் சிரித்தால் நம்பாதே, தலையாட்டினால் நம்பாதே. திருப்பிச் சொல்லும்மா என்று கேள். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் முகத்தைத் திருப்பாமல் அங்கேயே இரு. அவ்வளவுதான் நான் கேட்பது.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, மெலிந்திருக்கிறாய் என்று அவள் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும், அந்த ஒன்றைப் பார்க்க நின்றுபோன படமே போதும். எங்கே இருந்தாலும் நன்றாக இரு, தலை நிமிர்ந்து இரு, இதைக் கோபத்தில் எழுதினாலும் மனதாரத்தான் எழுதுகிறேன்.

நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு அம்மா இரண்டு துண்டுத் துணியைக் கொண்டுவந்து கொடுத்தாள், இதோ பின் குத்தி வைத்திருக்கிறேன். ஒன்று வெளிர் நீலம், ஒன்று மஞ்சள். உன் அறை ஜன்னலுக்கு எது வேண்டும் என்று கேட்டு எழுதச் சொன்னாள். ஒரு நிறத்தின் பெயரை மட்டும் எழுதி அனுப்பித் தப்பித்துக்கொள்ளாதே.

அப்பா