உன் பக்கத்து முன்சக்கரம்

மச்சான்,

எத்தனை தடவை துவைத்தும் சட்டையில் கியர் ஆயில் வாடை போகவில்லை. அழுகிய முட்டை வாடை. வீட்டில் அதைக் கொல்லைக் கொடியில் தனியாகத் தொங்கவிட்டிருக்கிறாள். “அத தூக்கிப் போடுங்க, இல்லன்னா நீங்களும் கொல்லையிலயே படுத்துக்குங்க” என்கிறாள். இன்று காலை போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. மறுபடி கொடியிலேயே போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

போன ஐப்பசியில், நாலு சக்கரமும் இழுக்கும் நம் பழைய ஃபோர்வீல் வண்டியின் முன் ஆக்சில் போனது உனக்கு மறந்திருக்காது. சேத்தியாத்தோப்புப் பக்கம் யாரோ ஒருவர் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜினை ஏற்றிக்கொண்டு போனோம். வாய்க்கால் கரையில் ஏறும்போது அடியில் பட்டென்று ஒரு சத்தம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். நீ குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

“முன்னங்கால் ஒடிஞ்சிடுச்சு மச்சான். இனிமே இது நொண்டி மாடு.”

நொண்டி மாடு தார்ரோட்டில் நன்றாகவே ஓடியது. பின்சக்கரம் தள்ளினால் போதுமே. அடுத்த மழைக்குள் இரண்டு பக்கமும் புது ஆக்சில் ஷாஃப்ட் மாட்டிவிடலாம் என்றாய். கடலூரில் தேடி வாங்கியும் வந்தாய். சாக்கில் சுற்றி ஷெட்டில் வைத்தோம். சித்திரையில் நெஞ்சு வலி என்றாய். சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் நான்தான் முன்னால் நின்று பார்த்தேன். பந்தல்காரனுக்குச் சொல்வது, வந்தவர்களை உட்காரவைப்பது, சாப்பாடு. அழவில்லை. “கல்லு மாதிரி நிக்கிறான் பாரு” என்று உன் சித்தப்பா காதுபடவே சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கே அப்படித்தான் தோன்றியது. தங்கச்சி வசந்தாவை உனக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து கூடவே திரிந்தவன் போய்விட்டான், நமக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று.

இந்தக் கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. வசந்தா போன் பண்ணினாள்.

“அண்ணே, நட்ட பயிரு முங்கிக் கெடக்குது. இன்னிக்குள்ள தண்ணி எறச்சாவணும், இல்லன்னா அழுவிடும். டிராக்டர்காரங்க யாரும் அந்தக் கரைமேல வரமாட்டேங்கிறாங்க.”

நீ போனபிறகு அவள் தானே முன்னின்று வைத்த முதல் பயிர். வயலைக் குத்தகைக்கு விட்டுவிடு என்று உன் ஆட்கள் சொன்னபோது மாட்டேன் என்று வைத்தது. அது அழுகினால் பயிரோடு போகாது, அவளையும் வீட்டோடு உட்காரவைத்துவிடுவார்கள். எனக்கு அது தெரியும்.

சாக்கைப் பிரித்தேன். சக்கரத்தைக் கழற்றி, ஹப்பையும் பேரிங்கையும் இறக்கி, பழைய ஷாஃப்ட்டை உருவினேன். ஒருபக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. மாற்றி வைத்துவிடாதே என்று நீ சொன்னது நினைவிருந்தது. நீளமானதை உள்ளே விடும்போதுதான் ஆள் தேவை. உள்ளே இருக்கும் ஆயில் சீலில் உரசாமல் ஒருவர் தாங்க, ஒருவர் தள்ள வேண்டும். கொஞ்சம் அசைந்தால்கூட “மெதுவா மச்சான், உன் மாமியா வூட்டுக் கதவா இது?” என்பாய். முட்டியில் தாங்கிக்கொண்டு நானே தள்ளினேன். உள்ளே கியரின் பல்லோடு ஷாஃப்ட்டின் பல் சேர்ந்தது. ஆயில் ஊற்றி, ஜாக்கியில் தூக்கிவைத்துச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சரியாக இருந்தது. சட்டை நாறியது அப்போதுதான். நீ இல்லாமலே முடித்துவிட்டேன் என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

இன்ஜினை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மெயின் ரோட்டில் நின்றிருந்த வசந்தா பக்கத்தில் ஏறிக்கொண்டாள். கரை முழுக்கச் சேறு. சேறு தொடங்கும் இடத்தில் நிறுத்தி, இறங்கி ஆகவேண்டியதைச் செய்துவிட்டு ஏறி, ஃபோர்வீல் லீவரைப் போட்டேன். கொஞ்ச தூரம் போய் வண்டி நின்றது. பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றிக் குழி பறித்தது. முன்பக்கம் இழுக்கவே இல்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஷாஃப்ட் விற்ற கடைக்காரனைத் திட்டினேன், மழையைத் திட்டினேன். எல்லாவற்றையும் மறுபடி கழற்றித்தான் ஆகவேண்டும், அதற்குள் பொழுது போய்விடும், பயிர் அவ்வளவுதான் என்று நினைத்தேன். வசந்தா வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“ஏண்ணே, இந்தப் பக்கம் அவுரு எறங்கி என்னமோ திருப்புவாரே. நீ திருப்புனியா?”

முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் குமிழ். இரண்டு சக்கரத்திலும் அதைத் திருப்பிப் பூட்டினால்தான் முன் ஆக்சில் இழுக்கும். ஒருபக்கம் விட்டாலும் இழுப்பு கிடையாது. இத்தனை வருஷமும் சேற்றைப் பார்த்ததும் நான் என் பக்கம் இறங்குவேன், நீ உன் பக்கம் இறங்குவாய். பேசிவைத்துச் செய்ததில்லை. அன்றும் நான் என் பக்கத்தைப் பூட்டிவிட்டு வந்து ஏறியிருக்கிறேன். உன் பக்கத்தை நீ பார்த்துக்கொள்வாய் என்று.

நான் அசைவதற்குள் அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டாள்.

“எந்தப் பக்கம்ண்ணே திருப்பணும்?”

எனக்குக் காதில் விழவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டாள். கையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டித் திருப்பிக் காட்டினேன். அவள் குனிந்திருந்த நேரம் முழுக்க ஸ்டியரிங்மேல் தலையை வைத்து அழுதேன் மச்சான். சித்திரையில் அழவேண்டியதை.

வண்டி ஏறிவிட்டது. விடியும்வரை இன்ஜின் ஓடியது. பள்ளத்து மூலையில் கொஞ்சம் போனது, மீதிப் பயிர் தேறிவிட்டது. அடுத்த போகமும் தானே வைப்பதாக வசந்தா சொல்லிவிட்டாள், உன் ஆட்கள் யாரும் குத்தகைப் பேச்சை எடுக்கவில்லை.

மழை இன்னும் விடவில்லை. அவள் கூட வந்தால் அவளே இறங்கிவிடுகிறாள். தனியாகப் போகும்போது என் பக்கத்தைப் பூட்டிவிட்டு, பானட்டைச் சுற்றி உன் பக்கம் நடக்கிறேன். அந்த நடை எனக்கு இன்னும் பழகவில்லை. பழகிவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.