துரைக்குக் கட்டிய கூண்டு

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நான் இங்கே நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். முக்கால்வாசி நலம். நீ, மகள், மாப்பிள்ளை, பேத்தி நாலு பேரும் முழுசாகவே நலமாக இருங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் பண்ணினால் மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அந்தப் பக்கம் பிள்ளை அழுகிறது, குக்கர் கத்துகிறது, நடுவில் மகள் "அப்பா, சாப்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இத்தனை பேர் காது வைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு மனுஷன் பெண்டாட்டியிடம் என்னதான் பேசுவான்? "ம்", "சரி", "வச்சிடவா" என்று முடித்துக்கொள்கிறேன். அதனால்தான் துணி வெட்டும் மேஜையை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஆல்டருக்கு வந்த பேன்ட்டுகள் ஒரு பக்கமாகக் குவிந்து கிடக்கின்றன, கிடக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ ஒன்று சொன்னாய். "துரையக் கேட்டுக்கிட்டே இருக்காரே அந்தக் கோழிப்பண்ணைக்காரர், அவர்கிட்டயே குடுத்துடுங்க, உங்களால முடியாது." மகள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாளா, நீயாகவே சொன்னாயா, தெரியவில்லை. பிரசவம் பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போனவள் நீ. பிறகு பல் முளைக்கட்டும் என்றாய். பிறகு நடக்கட்டும் என்றாய். இப்போது மகள் வேலைக்குத் திரும்புகிறாள், பேத்தி பள்ளிக்கூடம் போகும்வரை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்கிறீர்கள். பேத்தியைப் பார்க்க வேண்டாம் என்று எந்தத் தாத்தா சொல்வான்? ஆனால் நாயையும் கொடுத்துவிடு என்றதும் போனை வைத்துவிட்டு அது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். இந்த வீட்டில் நீ விட்டுவிட்டுப் போன உயிர் என்று என்னைத் தவிர இருப்பது அது ஒன்றுதான். அதையும் தள்ளிவிடச் சொல்கிறவள் திரும்பி வருவாளா?

துரை என்று பெயர் வைத்தவள் நீ. கண் திறந்தும் திறக்காமலும் இருந்த குட்டியைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தவளும் நீ. இன்றைக்கு அவர் எடை ஒரு அரிசி மூட்டை. கழுத்து என் தொடை கனம். நீ "உக்காரு" என்றால் உட்காருவார். நான் சொன்னால், யாரோ யாரிடமோ பேசுகிறார்கள் என்ற மாதிரி சுவரைப் பார்ப்பார். நீ போனதிலிருந்து சுவரைப் பார்ப்பதோடு நிற்கவில்லை, சுவரைத் தாண்டவும் ஆரம்பித்துவிட்டார். ஸ்கூல் வேனுக்கு முன்னால் நடுரோட்டில் போய் உட்கார்ந்ததும், பிள்ளைகள் கைதட்டியதும், டிரைவர் என்னை வாய்க்கு வந்தபடி பேசியதும் உனக்குத் தெரியும். சங்கிலியோடு என்னை இழுத்துப் போய் முழங்கை சிராய்த்ததும் தெரியும். கட்டுப் போட்ட மாடிவீட்டு நர்ஸ்தான் மகளிடம் போட்டுக்கொடுத்திருக்கிறாள்.

கால்நடை டாக்டரிடம் காட்டினேன். நாய்க்கு ஒரு கோளாறும் இல்லையாம். நல்ல சாப்பாடு போட்டு வேலை கொடுக்காமல் உட்கார வைத்தால் எந்த இளவட்டமும் சுவரேறிக் குதிக்கத்தான் செய்யும், உடம்பில் இருக்கிற பலம் வெளியே போக வழி பண்ணுங்கள் என்றார். சரி, வழி பண்ணுவோம் என்று இறங்கிவிட்டேன்.

முதலில் டயர் இழுக்க ஒரு மார்புப்பட்டை. கடையில் விற்பதெல்லாம் பொம்மை நாய்க்குத்தான் காணும். நானே டேப்பை எடுத்துக்கொண்டு அளவெடுக்கப் போனேன். துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியைத் தின்றுவிட்டார். என்னிடம் சட்டை தைத்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த மார்பு கிடையாது, சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடப் பைக்குப் போடும் நாடாவை இரட்டையாக மடித்து, தோல் உரியாமல் இருக்க உள்ளே கம்பளித் துணி கொடுத்து, நாலு வரி தையல் போட்டேன். இரண்டு ஊசி உடைந்தது. மெக்கானிக்கிடம் பழைய டயர் ஒன்று வாங்கிக் கயிறு கட்டினேன். துரை அதை இழுத்துக்கொண்டு தெருவில் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும். என்னமோ தெருவையே இழுத்துக்கொண்டு போகிற பெருமை.

மறுநாள் ஒரு பூனை குறுக்கே போனது. துரை நின்றார், யோசித்தார், பின்பக்கமாக இரண்டு அடி வைத்தார். பட்டை அப்படியே தலை வழியாகக் கழன்று கீழே விழுந்தது. பூனை ஒரு பக்கம், துரை ஒரு பக்கம், நான் டயரைப் பிடித்துக்கொண்டு நடுவில். எங்கே தப்பு என்று யோசித்தால், வளர்கிற பிள்ளைக்குத் தைக்கிற மாதிரி இரண்டு விரல் லூஸ் விட்டிருக்கிறேன். ஆயுசு முழுக்க அப்படியே வெட்டிப் பழகின கை, நாய் என்றால் மட்டும் கேட்குமா? பிரித்து இறுக்கித் தைத்துவிட்டேன். இப்போது கழலாது.

அடுத்தது கொல்லை மரத்தில் ஒரு கயிறு. மேலே பழைய வேன் ஸ்பிரிங், கீழே ஜீன்ஸ் வெட்டுத் துணிகளைப் பின்னித் தைத்த ஒரு முடிச்சு. துரை அதைக் கவ்விக்கொண்டு இழுப்பார், ஸ்பிரிங் திருப்பி இழுக்கும், உறுமல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். பயப்படாதே, பின்னங்கால் தரையில் நன்றாக ஊன்றும்படிதான் கட்டியிருக்கிறேன். ஆடி முடித்தால் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிழலில் படுத்துவிடுகிறார். இனி பாக்கி ஒரு நல்ல கூண்டுதான். அதையும் கட்டிவிட்டால் "முடியாது" என்ற பேச்சுக்கே இடமில்லை. அதுவரை கோழிப்பண்ணைக்காரரிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே குளிர் என்கிறார்கள், காலில் ஏதாவது போட்டுக்கொண்டு நட.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

* * *

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? பேத்தி என் போட்டோவைப் பார்த்து அழுகிறாள் என்று மகள் சொன்னாள். அந்தப் போட்டோவைப் பார்த்தால் எனக்கே அழுகை வரும், வேறு அனுப்புகிறேன்.

கூண்டு முடிந்தது. வெல்டர் வந்து கம்பியைப் பார்த்துவிட்டு, "நாய்க்கா, புலிக்கா?" என்று கேட்டார். நான் விடவில்லை. துரை மண்ணைத் தோண்டி வெளியே வருவார் என்று தரைக்கடியில் கம்பி வலை பதித்து மேலே சிமென்ட் போட்டோம். மேல்பக்கமும் வலை, பாதிக்குத் தகரம் போட்டு நிழல். கதவு இரண்டு. முதல் கதவைத் திறந்து உள்ளே போய், அதைச் சாத்திய பிறகுதான் அடுத்த கதவைத் திறக்க வேண்டும். காலிடுக்கில் நுழைந்து ஓடுகிற வேலையே நடக்காது. இரண்டு கதவிலும் ஸ்பிரிங், விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும், தாழ்ப்பாளும் தானாக விழும். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான். நம் சமையலறைக் கதவையே காலால் திறக்கிறவர் ஆயிற்றே, உள்ளே தாழ்ப்பாள் வைத்தால் ஒரு நாளில் படித்துவிடுவார். வலையிலும் ஒரு விரல்கூட நுழையக் கூடாது என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன்.

நீ யூகித்திருப்பாய். சிரித்துவிட்டு மேலே படி.

மத்தியானம் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு துரையோடு உள்ளே போனேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் விழுந்தது. வேலை சுத்தமாக இருக்கிறதே என்று முதலில் சந்தோஷம்தான் வந்தது. கையை வெளியே விடலாம் என்று பார்த்தால், விரல் நுழையவில்லை. தோளைக் கொடுத்து இடித்தேன், அசையவில்லை. போன் துணி மேஜையில். நர்ஸ் டியூட்டிக்குப் போயிருந்தாள். "யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினேன். துரை மட்டும் பதிலுக்குக் குரைத்தார். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் வலையோரமாக உட்கார்ந்துவிட்டோம்.

இதற்குமேல் எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை மூடிவிட்டுத் திரும்பத் திறந்திருக்கிறேன். அந்தக் கூண்டிலிருந்து பார்த்தால் நம் கொல்லைக் கதவு நேராகத் தெரிகிறது. கொடியில் என் சட்டை ஒன்று மட்டும் தொங்குகிறது. நீ இருந்த காலத்தில் நான் பட்டன் வாங்கக் கடைக்குப் போய்க் கொஞ்சம் பேச்சில் நின்றுவிட்டால்கூட, "ஏங்க, எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று ஆள் அனுப்புவாய். எனக்கு எரிச்சலாக வரும். அன்றைக்கு ஒரு மத்தியானம் முழுக்க நான் காணாமல் போயிருந்தேன். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெருவில் எங்கேயாவது கேட் சத்தம் கேட்டால் துரை காதைத் தூக்குவார், நானும் தலையைத் தூக்குவேன். பிறகு இரண்டு பேரும் தொங்கப் போட்டுக்கொள்வோம்.

நடுவில் போன் அடித்தது. அடித்து நின்றது. திரும்ப அடித்தது. நீதான் என்று முடிவே பண்ணிவிட்டேன். எடுக்கவில்லை என்றால் பதறுவாய், நர்ஸுக்குப் போன் பண்ணுவாய், மாப்பிள்ளையை உண்டு இல்லை என்று பண்ணுவாய் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாவம் பதறுகிறாளே என்று கவலையும் பட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன்.

இருட்டுகிற நேரத்தில் நர்ஸ் வந்து திறந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, "இனிமே வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு குரல் குடுக்கறேன், அண்ணே" என்றாள். நல்ல பெண். உள்ளே போய்ப் போனை எடுத்துப் பார்த்தேன். பேன்ட்டை ஆல்டருக்குக் கொடுத்துவிட்டுப் போனவர், ரெடியா என்று கேட்பதற்காக அடித்திருக்கிறார்.

வெல்டர் வந்து உள்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் வைத்துவிட்டார், மனுஷ விரலுக்கு மட்டும் திருகுகிற மாதிரி. மகளிடம் இதையெல்லாம் சொல்லாதே. நாய் நன்றாக இருக்கிறது, கூண்டு பலமாக இருக்கிறது என்று மட்டும் சொல்.

உன் வீட்டுக்காரன்

* * *

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

உன் பதில் வருவதற்கு முன்பே எழுத வேண்டியதாகிவிட்டது. நேற்று கோழிப்பண்ணைக்காரர் வேனோடு வந்துவிட்டார். நீதான் போன் பண்ணி வரச் சொன்னாயாமே.

கூண்டைக் காட்டினேன், கயிற்றைக் காட்டினேன், டயர் இழுக்கவும் விட்டுக் காட்டினேன். இவ்வளவு வசதியைப் பார்த்தால் மனுஷன் வந்த வழியே போய்விடுவார் என்று நினைத்தேன். எங்கே போவார்? என் கைவரிசையில் துரை தேறி நிற்கிற அழகைப் பார்த்து அவருக்கு ஆசை இன்னும் ஏறிவிட்டது. தோளைத் தட்டிப் பார்த்து, "இப்படி ஒரு நாய நான் பாத்ததே இல்லீங்க" என்கிறார். இருக்கிற எரிச்சலில், துரை வேறு அவர் கையை நக்குகிறார்.

குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மனுஷர், நாயோடு பழகத் தெரிந்தவர். ஏக்கர் கணக்கில் வேலி போட்ட இடமாம், ராத்திரி அவிழ்த்துவிட்டால் விடியும்வரை ஓடலாமாம். என் கூண்டில் அத்தனை ஓட்டம் ஏது? அவரிடம் போனால் துரை நன்றாகவே இருப்பார், இங்கே இருப்பதைவிட நன்றாக இருப்பார். அதைப் பார்த்துக்கொண்டே நான் இல்லை என்று சொல்ல முடியாது.

அதனால் நேராகவே எழுதிவிடுகிறேன். நாய்க்காக, நாய்க்காக என்று இதுவரை எழுதியதில் பாதிதான் நாய்க்காக. நீ இல்லாமல் இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை. சமைக்கத் தெரிகிறது, துவைக்கத் தெரிகிறது, அதெல்லாம் ஒரு குறையும் இல்லை. ஆள் இல்லை, அவ்வளவுதான். அங்கே வந்துவிடுங்கள் என்று மகள் சொல்கிறாள். போன முறை வந்தபோது எட்டாவது மாடியில், பிரிக்காத பார்சல் மாதிரி சோபாவில் உட்கார்ந்திருந்தேனே, நீயே பார்த்தாய். பேத்திக்கு நீ வேண்டும், மகளுக்கு நீ வேண்டும், எனக்குத் தெரியும். அவர்களோடு போட்டி போட எனக்கு வாய் வராது. ஆனால் எனக்கும் நீ வேண்டும் என்று யாராவது ஒருத்தர் உன்னிடம் சொல்ல வேண்டுமே. மாப்பிள்ளையின் ஸ்பீக்கரில் அதைச் சொல்ல முடியாது.

கோழிப்பண்ணைக்காரரிடம் கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நாய் என் வீட்டுக்காரியுடையது, கொடுப்பதென்றால் அவள் கையால்தான் கொடுப்பாள், அவள் வரும்வரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவரும் தலையாட்டிவிட்டுக் காலி வேனோடு போனார்.

பேத்தி நோய் நொடி இல்லாமல் வளரட்டும். மகளும் மாப்பிள்ளையும் ஒற்றுமையாக இருக்கட்டும். உன் மூட்டு வலி குறையட்டும்.

நீ வந்து, துரையை உன் கையால் கொடு, கொடுக்காமல் வைத்துக்கொள், உன் இஷ்டம். மறுநாளே பேத்தியிடம் திரும்ப வேண்டும் என்றாலும் நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டி ஏற்றிவிடுகிறேன். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

உன் வீட்டுக்காரன்